இத்தா வீட்டில் ஒரு நடை

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின், மாத்தளைக் கடைத்தெருவில் அந்த வீட்டின் மேல்மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: மர்ஹூம் ஸஹாப்தீன் ஹாஜியாரின் மனைவி றஸ்மியா, மகன் ஸுஹைல், மருமகள் றுஸ்னா, ஹாஜியாரின் தங்கை ஜெஸீமா. கீழே கராம்பும் மிளகும் அடுக்கிய கடை பூட்டியிருந்தது. தெருக்கதவின் சாவி ஸுஹைலின் கையில் இருந்தது. பின்கதவை ஜெஸீமாவே தாழிட்டு, இழுத்தும் பார்த்துவிட்டு மேலே வந்தாள். வேறொருவர் உள்ளே வர வழி இருக்கவில்லை. அந்த ஏற்பாடே அதற்காகத்தான்.

றஸ்மியா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. சீனி வருத்தம் என்னும் நீரிழிவு உள்ளவள். காலைதோறும் ஹாஜியாரோடு மைதானத்தைச் சுற்றி நடந்து பழகியவள். நடையை விட்டதும் சீனி ஏறி, பாதங்கள் மரத்துப்போகத் தொடங்கின. வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மேல்மாடியில் தெருப்பக்க ஜன்னலிலிருந்து பின்சுவர்வரை நீண்டு கிடந்த பலகைத் தாழ்வாரம் அதற்குப் போதும். ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிடும்.

"காதுல எதையாச்சும் போட்டுட்டு நடங்க மாமி," என்றாள் றுஸ்னா. "ஜிம்முல நாங்க அப்பிடித்தான். நடக்கிறதே தெரியாது."

"இத்தாவுல பாட்டா?" என்றாள் ஜெஸீமா. "கண்ட ஆம்பிளட குரல் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது. செல்லிட்டேன்."

ஸுஹைல் கண்டிக்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்கினான். போன் வேண்டாம், பாரம், அழைப்பும் வரும். றேடியோ உள்ளது வேண்டாம். செய்தி வாசிக்கிறவனும் ஆண்தான். ஒலிப்பதிவு, புளூடூத் எதுவும் வேண்டாம். கடைசியில் அவன் கொண்டுவந்தது நெருப்புப்பெட்டியைவிடச் சிறிய, சட்டையில் கொழுவிக்கொள்ளும் எம்பீத்ரீ.

"கண்ணாடி இல்லாமலே அமத்தலாம் உம்மா. வயர் கழுத்துக்குப் பின்னால போகும், கை வீசக்குள்ள சிக்காது."

"உள்ளுக்கு என்னா ஈக்கி?" ஜெஸீமா விடவில்லை.

"தஃப் பறைக் கொட்டு மட்டும்தான் மாமி. ஆள் குரலே இல்ல."

"இவர் எம்பீத்ரீ வாங்கப் போகல்ல, மாப்புள பாக்கப் போயிருக்கார்," என்றாள் றுஸ்னா. ஜெஸீமாவும் சிரித்துவிட்டாள்.

முதல் கிழமை, ஏழு நாளும், நன்றாகவே போனது. தஃபின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காலை எடுத்து வைக்க, உடம்பு தானாகவே சூடேறியது. பிறகு ஒரு மாலை, ஓட்டின்மேல் மழை ஓய்ந்து சொட்டிக்கொண்டிருக்க, கடைக்குள்ளிருந்து கராம்பின் காரமான வாசனை பலகை இடுக்குகளால் மேலே ஏறிக்கொண்டிருக்க, அவள் பட்டனை அமத்திவிட்டு மூச்சு வாங்க நின்றாள். காதுக்குள் கொட்டு நின்றது. அவளும் நின்றிருந்தாள். அதன் பிறகு, அவளுக்குப் பின்னால், பலகையில் ஒரு காலடி விழுந்தது.

ஈரத்தில் பலகை முனகும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் நின்றபோது அந்தக் காலடி இன்னும் கிட்டத்தில் விழுந்தது. அதற்கு மறுநாள் அதைவிடக் கிட்ட. அவள் நடக்கும்போது அது தஃபுக்குள் ஒளிந்துகொண்டது. நிற்கும்போது மட்டும் அகப்பட்டது. இடதுகாலை இலேசாக இழுத்து வைக்கும் நடை. ஒருநாளும் பக்கத்தில் வராமல் பின்னால் வந்து, அவள் வேகம் குறைந்தால் அதட்டும் நடை. மைதானத்தில் எத்தனையோ காலைகளில் கேட்ட அந்த நடையை அவளால் வேறொருவருடையது என்று எண்ண முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை.

பிறகு குரல் வந்தது. களைத்துப் போய்க் கால் தளர்ந்த ஒரு மாலையில், கொட்டுக்கு அடியிலிருந்து.

"கெதியா நட."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. இத்தாவில் இருக்கிற பெண் ஆண் குரல் கேட்கிறது என்று வாய் திறந்தால், அது எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கப் போவதில்லை. யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கடை அப்துல் ஸமத், பள்ளிவாசல் படியில் ஸுஹைலை நிறுத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க மகன். நீங்க வெளிய போற நேரம், உங்கட மேல்மாடியில ஆம்பிளச் சத்தம் கேக்குது. எனக்கு மட்டும் கேட்டிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

ஸுஹைல் வீட்டுக்கு வந்து எம்பீத்ரீயைக் காதில் வைத்து முடிவுவரை கேட்டான். தஃப். தஃபைத் தவிர ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுக்கும்போது உம்மாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. குரலைவிட அதுதான் றஸ்மியாவைக் குளிரச் செய்தது.

"என்ட நானாட பேர் இது," என்று அண்ணனுக்காகக் கொதித்தாள் ஜெஸீமா. "கபுறு மண்ணு இன்னும் காயல்ல. நாளைக்கு எல்லாக் கதவையும் பூட்டிட்டு எல்லாரும் மேல இருப்போம். இவ பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் நடக்கட்டும். சத்தம் வரல்லண்டா, அது பொய்யெண்டு பள்ளியில வெச்சே ஸமதுட வாயால செல்ல வெக்கிறேன்."

"வந்தா?" என்றாள் றுஸ்னா.



ஆகவே மறுநாள், கதவுகள் பூட்டிய அந்த மாலையில், றஸ்மியாவுக்கு ஒரே வேலைதான் இருந்தது. நிற்கக் கூடாது. நின்றால் காலடி கேட்கும். வேகம் குறையக் கூடாது. குறைந்தால் அது பேசும். பின்சுவரோரம் கதிரை போட்டு ஜெஸீமா இருந்தாள். ஜன்னலருகே றுஸ்னா. படிவாசலில் ஸுஹைல். றஸ்மியா பட்டனை அமத்திவிட்டு நடந்தாள். இருபக்கமும் திரும்பும் இடத்தில் கண்களை மூடிக்கொண்டாள். அதுவும் அவளோடு திரும்பியது. எந்தப் பக்கம் போனாலும் முதுகுப் பக்கமே இருந்தது. வெளியே மழை கறுத்து இறங்கியது. கராம்பு வாசனைக்குள் ஹாஜியாரை அடக்கிய நாளின் வாசனை கலந்தது. கற்பூரம். பன்னீர். நனைந்த செம்மண்.

பாதங்கள் மரத்தன. பலகை எங்கே தொடுகிறது என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். பாங்கு சொல்லும்வரை.

தஃப் நின்றது.

அவள் பட்டனைத் தொடவில்லை. சார்ஜ் தீர்ந்திருந்தது. காதுக்குள் வெறுமை. தாழ்வாரத்தில் அவளுடைய காலடி. அதன் பின்னால், இழுத்து வைக்கும் மற்றக் காலடி. றுஸ்னா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் கேட்கிறது.

றஸ்மியாவின் வேகம் குறைந்தது.

"கெதியா நட."

காதுக்குள் அல்ல. தாழ்வாரத்தில். எல்லோருக்கும் கேட்க.

ஸுஹைலின் கையிலிருந்து சாவி விழுந்தது. ஜெஸீமா எழுந்தாள். படியில் எந்த ஆணின் செருமல் கேட்டாலும் முக்காட்டை இழுத்துவிடுகிற பெண் அவள். அது தோளில் சரிந்து கிடந்தது. கை அதைத் தேடிப் போகவில்லை. அவள் றஸ்மியாவைப் பார்க்கவில்லை. றஸ்மியாவின் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"நானா," என்றாள்.

றஸ்மியா நின்றாள். கால்கள் அவளுடையவையாக இல்லை. பின்னால் காலடி விழுந்தது. இன்னொன்று. இனி இடம் இல்லை. அவளுடைய குதிகாலின்மேல் ஈரமான ஒரு துணிக்கீற்று வந்து படிந்தது. குனியாமலே அவளுக்குத் தெரிந்தது. வெள்ளை. செம்மண் கறை. கபுறுக்குள் இறங்கி ஸுஹைல் தன் கையால் அவிழ்த்துவிட்ட உடலைச் சுற்றிய கபன் துணியின் கால்கட்டு.

பிடரியில் குளிர்ந்த மூச்சு.

"நட."

பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. யாரும் அசையவில்லை. அவள் நடந்தாள். அது அவளோடு நடந்தது. இருட்டில் வெள்ளைத் துணி பலகையில் இழுபடும் சத்தம், ஜன்னலுக்குப் போய், சுவருக்கு வந்து, ஜன்னலுக்குப் போய்.

இத்தாவில் இருந்த பெண்ணோடு அந்த வீட்டில் அந்நிய ஆண் ஒருவன் நடமாடினான் என்று மாத்தளைக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்நிய ஆண் எவனும் அந்த வீட்டுக்குள் வரவில்லை.