ச்சாவோவின் அடியில்

இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே கிடந்தால் என் தமிழ் என்னை விட்டுப் போய்விடும் என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள். நினைப்பு இன்னும் தமிழில்தான் ஓடியது. அது ஒரு ஆறுதல்.

சொற்கிணற்றில் இறங்குகிறவர்களுக்கு நேர்வதுதான். ஒரு சொல்லின் பழைய மொழிகள் ஒவ்வொன்றாக மூளைக்குள் நிரம்பும்; சொந்த மொழி ஒதுங்கிப்போகும். மேலே வந்ததும் திரும்பிவிடும், ஆனால் முழுவதுமாக அல்ல. போன முறை வீட்டில் சாம்பாரைக் கலக்க எடுத்ததன் பெயர் தெரியாமல் அடுப்படியில் நின்றாள். "கரண்டிம்மா" என்று மகள் சிரித்தாள்.

இந்த முறை ஓர் இத்தாலியச் சொல். நிலவுச் சுரங்கத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் தொழிலாளர்கள் தலைகுனிந்து மேலாளருக்கு 'ச்சாவோ' சொல்ல வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். 'உங்கள் அடிமை' என்பதுதான் அந்த வணக்கத்தின் பொருள் என்று கேள்விப்பட்டதும் அவர்கள் சொல்ல மறுத்துவிட்டார்கள். வேர்ச்சட்டப்படி ஆக அடியில் கிடக்கும் பொருளே செல்லும். அது தூயதென்றால் தொழிலாளர்கள் சொல்லியே ஆக வேண்டும். கிணற்றில் இறங்கிய சொல்லாய்வாளர் உள்ளிருந்து 'தூயது' அல்லது 'மாசுற்றது' என்று தன் குரலில் தீர்ப்பளித்தால்தான் வெளியேறும் கதவு திறக்கும்.

வெனிஸ் மொழியில் அது அடிமை. அதற்குக் கீழே லத்தீனில், கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து விற்கப்பட்ட ஸ்லாவ் மக்களின் பெயரே அடிமைக்குப் பெயராகியிருந்தது. அதற்கும் கீழே, விற்கப்படுவதற்கு முன் அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயரின் பொருள்: பேச்சுடையவர்கள்.

ஒலிபெருக்கியில் தலைமை ஆய்வாளர் ஞானப்பிரகாசம் பேசினார். "பேச்சுடையவர்கள். இதைவிடச் சுத்தமா ஒரு வேர் கெடைக்குமாம்மா? தூயதுன்னு சொல்லிட்டு மேல வா."

"நடுவுல அடிமை இருக்கே சார்."

"நடுவுல ஆயிரம் இருக்கும். சட்டம் அடியத்தானே கேக்குது. ஆளாளுக்கு அர்த்தம் சொல்லக் கூடாதுன்னு நம்ம ஆய்வாளர் சங்கம்தானே போராடி வாங்குச்சு?"

"மாசுற்றதுன்னு சொன்னா?"

"பொய்யின்னு கதவுல இருக்குற கருவி தள்ளிடும், கதவு தெறக்காது. ஒரு வார்த்தைக்காக ஒம் பேச்சையே எழக்கணுமா? அப்புறம் பாப்பா வந்து நின்னா யாருன்னு கேப்ப."

மகளின் முகம் தெளிவாக இருந்தது. பெயரின் முதல் எழுத்தைப் பிடித்தாள். அடுத்தது வழுக்கியது. கதவு இரண்டு எட்டுத் தொலைவில்தான் இருந்தது. 'தூயது' என்பது பொய்யும் இல்லை. நாளை வரிசையில் நிற்கப்போகிறவர்களின் தலையைக் குனியவைக்க, அவள் குரலில் அந்த ஒரு உண்மை போதும்.

"செவ்வந்தி? கேக்குதாம்மா?"

மிச்சமிருந்த தமிழைத் தேடிக் கூட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"கேக்குது. தூயதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார்."