அதே பெயரில் ஒரு கணக்கு

பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்துக்கு லிப்ட் போகாது. அவள் படியிறங்கி வந்தாள். மதியம்தான். ஆனால் கடைசி வளைவுக்குப் பிறகு வெளிச்சம் இல்லை.

சர்வர் அறையில் பினாயில் வாசனை. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. மின்விசிறிகளின் சீரான இரைச்சல். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மூன்றாவது மாடியில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், அவள் மகள் கிடந்தாள். இன்றைய வேலை முடிந்தால் நாளையிலிருந்து விடுப்பு. மகள் பக்கத்திலேயே இருக்கலாம்.

வேலையை விட்டு விலகிப் போனவர்கள், மாற்றலானவர்கள், இறந்தவர்கள். இவர்களுடைய கணினிக் கணக்குகள் இன்னும் திறந்தே கிடந்தன. அவற்றை மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மேசைத் தொலைபேசியின் ஸ்பீக்கரில் சுருட்டை இருந்தான். அடுத்த கட்டிடத்தில் உட்கார்ந்திருக்கும் சக ஊழியன். தலைமுடியால் வந்த பெயர்.

“செத்தவங்களுக்கெல்லாம் லாகின் இருக்கு அக்கா. உயிரோட இருக்கற எனக்குத்தான் பாஸ்வேர்ட் ஏறமாட்டேங்குது.”

“வேலையப் பாரு.”

“முதல்ல சும்மா ஓட்டிப் பாருங்க. அப்புறம் முடக்குங்க. ஒரு மாசம் விடுங்க. யாராவது போன் போட்டுக் கத்தினா திறந்துவிடலாம். சத்தமே இல்லேன்னா அழிச்சிடலாம்.”

“எனக்கே பாடமா?”

“நீங்க எடுத்த பாடம்தான். திருப்பி ஒப்பிக்கறேன்.”

அவள் சிரிக்கவில்லை. காலையில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி மகள் சொன்னது காதில் இருந்தது.

“நீல ஸ்வெட்டர் சிஸ்டர் நேத்தும் வந்தாங்கம்மா. மூச்சு நிக்கறப்பெல்லாம் வந்து நெஞ்சுல கைய வைப்பாங்க. கை ஜில்லுன்னு இருக்கும். மூச்சு வந்ததும் கைய எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

அந்த நர்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவள் பல நாளாக நினைத்திருந்தாள். ஒருமுறைகூடப் பார்க்க முடிந்ததில்லை.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. நெடுநாளாக யாரும் நுழையாத கணக்குகளை மட்டும் எடு என்று கட்டளையைத் தட்டினாள். முதலில் ஒத்திகை. நிரல் எதையும் செய்யாது. செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும்.

பெயர்கள் ஓடின. ஒன்றில் கண் நின்றது. மூன்றாவது மாடி நர்ஸ். பல வருடங்களாக அதில் யாரும் நுழைந்ததில்லை.

கண் நகர்ந்துவிட்டது.

இன்னொரு தொலைபேசி அடித்தது. வார்டு சிஸ்டர்.

“மேடம், பாப்பா உங்களக் கேக்கறா. கொஞ்சம் சீக்கிரம் வாங்க.”

பழக்கிக்கொண்ட நிதானக் குரல். அதுதான் அவளை உலுக்கியது.

முடக்கினால் அடுத்த மாதம் மறுபடி இங்கே வர வேண்டும். அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும். கட்டளையில் ‘முடக்கு’ என்ற சொல்லை எடுத்தாள். ‘அழி’ என்று போட்டாள்.

நிச்சயமா என்று திரை கேட்டது.

ஆம்.

மின்விசிறிகள் நின்றன. ஒரு கணம் முழு அமைதி. பிறகு மறுபடி சுற்றின.

“அக்கா, முடக்கிட்டீங்களா?”

அவள் படியேறிக்கொண்டிருந்தாள்.

மகளின் உதடு நீலமாக இருந்தது. கட்டிலைச் சுற்றி டாக்டரும் நர்ஸுகளும். மானிட்டர் விடாமல் கத்தியது. மகளின் கண்கள் கதவையே பார்த்தன.

“வந்துட்டே இருந்தாங்கம்மா,” என்றாள். மூச்சு இல்லாத குரல். “பாதி வழியில காணாமப் போயிட்டாங்க.”

“யாருடா?”

“நீல ஸ்வெட்டர்.”

வார்டு சிஸ்டரின் கை நின்றது.

“அப்படி ஒருத்தங்க இங்க இருந்தாங்க மேடம்,” என்று மெல்லச் சொன்னாள். “குளிர் தாங்காதுன்னு எப்பவும் அத மாட்டியிருப்பாங்க. டியூட்டியிலேயே, இதே வார்டுல போயிட்டாங்க.”

பெயரைக் கேட்டாள். சிஸ்டர் சொன்னாள்.

சற்று முன் திரையில் பார்த்த பெயர்.

மறுபடி படி. மறுபடி இருட்டு.

“சுருட்டை, அழிச்சத எப்படித் திரும்ப எடுக்கறது?”

“அழிச்சிட்டீங்களா?” அவன் குரலில் விளையாட்டு போய்விட்டது. “பழைய சர்வர் அக்கா. மீட்கற வசதிய யாரும் ஆன் பண்ணி வைக்கல. பேக்கப்லேர்ந்துதான் எடுக்கணும். நாளைக்கு ஆயிடும்.”

“நாளைக்கு வரைக்கும் அவ தாங்கமாட்டா.”

“எவ?”

“அதே பேர்ல புதுசா ஒண்ணு போடறேன்.”

“அக்கா, பேர்தான் அதே. உள்ள இருக்கற அடையாள எண் வேற. சிஸ்டத்துக்கு அது வேற ஆளு. இதுவும் நீங்க சொன்னதுதான்.”

“தெரியும்.”

பெயரை இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தாள். மூன்றாம் முறை சரியாக வந்தது. எண்டர் தட்டினாள்.

பின்னால் ஈரக் கம்பளியின் வாசனை. யாரோ அவளைக் கடந்து படியேறினார்கள். காலடிச் சத்தம் கேட்டது. ஆள் இல்லை.

தொலைபேசி அடித்தது.

“மேடம், மூச்சு வந்துடுச்சு!”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஏறினாள்.

மானிட்டர் அமைதியாக இருந்தது. மகளின் நெஞ்சு ஏறி இறங்கியது. மிகச் சீராக. கீழ்த்தளத்து மின்விசிறிகளைப் போல. டாக்டர் போய்விட்டிருந்தார். அவள் மகளின் முகத்துக்கு அருகே குனிந்தாள்.

“வந்துட்டாங்களா கண்ணு?”

மகள் அசையாமல் கிடந்தாள். கண்ணோரத்தில் மட்டும் நீர்.

“ஸ்வெட்டர் அதேதான்மா,” என்று கிசுகிசுத்தாள். “ஆனா இது அவங்க இல்ல.”

“என்ன சொல்ற?”

“கைய எடுக்கவே மாட்டேங்கறாங்க.”

அவளுடைய செல்போன் அதிர்ந்தது. சுருட்டை.

“அக்கா, புதுக் கணக்குல யாரோ நுழைஞ்சிருக்காங்க. பாஸ்வேர்டே வைக்கல நீங்க. முடக்கிடவா?”

அவள் மானிட்டரைப் பார்த்தாள். ஒரே சீரான கோடு. ஏற்றம், இறக்கம். அது யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கணக்கை முடக்கினால் அதுவும் நின்றுவிடும்.

“வேணாம்.”

“அக்கா?”

“அதத் தொடாத. கெஞ்சிக் கேக்கறேன், தொடாத.”

போனை வைத்தாள்.

மகளின் நெஞ்சின் மேல் போர்வை அமுங்கியிருந்தது. ஐந்து விரல்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெல்ல மேலே நகர்ந்தது.

கழுத்தை நோக்கி.