இனியா வீட்டுக் குளம்

வைகாசி வெள்ளம் வடிந்த மறுநாள் காலை, செந்தாமரை நகரில் வீடுகள் எழுந்து நிற்கத் தொடங்கின. ஆண்டுக்கு இருமுறை நடப்பதுதான். கோடைமழையில் ஒரு சின்ன வெள்ளம், ஐப்பசியில் பெரியது. ஒவ்வொன்றுக்குப் பிறகும், அடித்தளத்தில் பதித்த எழுகால்கள் முனகிக்கொண்டே நீள, வீடு ஒரு முழம் மேலே போகும். உள்ளே இருப்பவர்கள் காபி டம்ளரை மட்டும் கையில் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்து வீடு எழுந்தால் நம் வீடும் எழுந்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை அவர்கள் வாசல் தண்ணீரும் சேர்ந்து நம் கூடத்துக்கு வரும். வீடுகள் எழுந்தால் சாலைக்காரர்களுக்குப் பொறுக்காது. பழைய சாலையின் மேலேயே புதுச்சாலை போட்டு அவர்களும் ஏறிவிடுவார்கள். இப்படி ஏறிக்கொண்டே போனதில் அந்தக் காலத்துத் தெருவிளக்குகளின் தலை மட்டும் சாலையோரத்தில் தெரிந்தது. காலை நடைக்குப் போகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். தண்ணீர் மட்டும் அசராமல் வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு எழாத வீடு இனியாவுடையது. அதன் எழுகால்கள் நீளக்கூடிய மட்டும் நீண்டுவிட்டன. போன முறை தூக்கியபோதே சமையலறைச் சுவர் விரிசல் விட்டு, அதன் வழியே பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை வந்தது.

"இதுக்கு மேல தூக்கினா வீடு ரெண்டா பொளந்துடும்னு எழுகால்காரன் கைய விரிச்சுட்டான்" என்றார் அவள் கணவர் தர்ஷன். "பேசாம வித்துட்டுப் போயிடலாம்."

"முழங்கால் தண்ணி நிக்கிற வீட்ட எவன் வாங்குவான்?"

"நாம வாங்கலையா? 'ஒரு சொட்டு நிக்காது சார்'னு சொன்னான், தலைய ஆட்டிட்டு வாங்கினோம். நம்மள மாதிரி ஒருத்தன் கிடைக்காமலா போயிடுவான்?"

இனியாவின் கவலை வீட்டை விற்பது பற்றியதல்ல. அவளுடைய ஒரே மகள் கயல் நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் கார்த்திகையில். நிலவில் குடியேறியவர்கள் பிள்ளையைக் கண்ணாடிப் பேழையில் வளர்த்து எடுத்துக்கொள்ளும் காலம்தான். ஆனாலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை மட்டும் எந்த அறிவியலும் தொட முடியவில்லை. அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. சம்பந்தியம்மாள் முந்தின நாள் இரக்கத்தோடுதான் பேசினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தண்ணிக்குள்ள பச்சப் புள்ளய வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்! பிரசவம் இங்கயே ஆகட்டும்."

அந்தப் 'பாவம்' இனியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. யாரும் பார்க்காதபோது சமையலறையில் நின்று அழுதாள்.

துவட்டி வந்து சேர்ந்தது. வெள்ளம் பட்ட வீடுகளைத் துடைத்து உலர்த்த மாநகராட்சி அனுப்பும் எந்திரம் அது. எருமைக்கன்று அளவு உடம்பு, அதற்குச் சேறு அள்ள ஒரு கை, சூடான காற்று ஊத ஒரு கை. தர்ஷன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீர்கள், ஐயா" என்றது துவட்டி. "சுவருக்குள் ஈரம் இருக்கிறது. முதலில் நான் பார்க்கிறேன்."

அலமாரிக்கு அடியில் சுருண்டிருந்த சாரைப்பாம்பை நோகாமல் எடுத்து வெளியே விட்டது. நனைந்த அரிசியைக் காயவைத்துச் சாப்பிடலாம் என்று இனியா எடுத்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்துக் கொட்டச் சொன்னது. சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்தது. தொட்டித் தண்ணீரை இறைத்து, மருந்து போட்டுக் கழுவியது. "சுவர் உள்ளேயும் உலரட்டும். அதற்குமுன் வர்ணம் அடித்தால் பூசணம் பிடிக்கும்" என்றது. தர்ஷன் வர்ண டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் பண்றோம்" என்றாள் இனியா. "திரும்பத் தண்ணி வராம இருக்க என்ன பண்ணணும்? அதச் சொல்லு."

துவட்டி உடனே சொன்னது. "தெருவில் எல்லோரும் ஏறிவிட்டார்கள், தண்ணீர் இறங்க இடமில்லை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு குளம் வெட்டுங்கள்."

தர்ஷன் துள்ளிக் குதித்தார். "மண்ணு விக்கிற வெலைக்கு எவனாவது குளம் வெட்டுவானா? ஊர்த் தண்ணிக்கு நாம எடம் குடுக்கணுமா?"

"இப்ப மட்டும் எங்க குடுக்கிறோமாம்? கூடத்துலதான குடுக்கிறோம்!" என்றாள் இனியா. அடுத்த வாரமே துவட்டி தோண்டத் தொடங்கியது.

மாமரம் போயிற்று, துணிக்கொடி போயிற்று, தர்ஷன் ஆசையாகக் கட்டிய ஊஞ்சல் கம்பமும் போயிற்று. தெருவே மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தது. எதிர்வீட்டு ரோஹித், "என்னங்க, மீன் பண்ணையா?" என்று கேட்டார்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தெருத் தண்ணீர் முழுவதும் இனியா வீட்டுச் சந்து வழியாகச் சலசலவென்று ஓடிக் குளத்தில் விழுந்தது. விடிய விடியக் கூடத்தில் உட்கார்ந்து அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரை நனையவில்லை. எதிர்வீட்டிலும் நனையவில்லை. கார்த்திகையில் கயல் வந்தாள், பேரன் பிறந்தான். சம்பந்தியம்மாள் வந்து, உலர்ந்த தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது முறையும் காபி கேட்டு வாங்கிக் குடித்தாள். இனியாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அதன்பிறகு அந்தத் தெருவில் வெள்ளம் இல்லை. வீடுகள் எழுவதை நிறுத்தின. எழுகால்களில் துரு ஏறியது. வீடு பார்க்க வந்த யாரிடமோ ரோஹித், "இது ஆதியிலேயே மேட்டுப்பகுதிங்க" என்று சொன்னது இனியாவின் காதில் விழுந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. பலமுறை கேட்டபின் அப்படியும் இருக்குமோ என்று தோன்றத் தொடங்கியது.

மாப்பிள்ளைக்கு இந்த ஊருக்கே மாற்றலாகி, கயல் குடும்பத்தோடு தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பேரனுக்கு நடை வந்திருந்தது. ஒருநாள் பந்தைத் துரத்திக்கொண்டு குளத்தின் விளிம்புவரை போய்விட்டான். கயல் ஓடிப்போய் அள்ளிக்கொண்டாள்.

"இத மூடும்மா."

"வேலி போட்டுக்கலாம்டி."

"வேலில ஏற மாட்டானா? தண்ணிதான் வர்றதே இல்லையே, எதுக்கும்மா இந்தக் குழி? மூடிட்டா எங்களுக்கு அங்க ஒரு ரூம் கட்டிக்கலாம்."

தர்ஷன் உடனே அளவு நாடாவைத் தேடினார். இனியா அன்று இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை. குழந்தை விளிம்பில் நின்ற காட்சிதான் கண்ணில் நின்றது. பேரனுக்காக வெட்டிய குளம், பேரனுக்காகவே மூடினால் என்ன தவறு? மறுநாள் துவட்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

துவட்டி குளத்தை ஒருமுறை சுற்றிவந்தது.

"மூட வேண்டாம், அம்மா. மூடினால் வெள்ளம் வரும்."

"அது சரி, மண்ணு எவ்வளவு புடிக்கும்?"

"முன்பு இரண்டு முறை மூடியபோது பிடித்த அளவுதான் பிடிக்கும்."

"எந்த ரெண்டு முறை?"

"இந்த மனையில் இது மூன்றாவது குளம். உங்களுக்கு முன் இருந்தவர்கள் ஒன்று வெட்டினார்கள். அவர்களுக்கு முன் இருந்தவர்களும் வெட்டினார்கள். வெள்ளம் நின்றதும் இருவரும் மூடச் சொன்னார்கள். அவர்களிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"தண்ணீர்தான் வருவதில்லையே என்றார்கள்."

அதே வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அப்படியே விழுங்கிக்கொண்டாள். உள்ளே பேரன் சிரிக்கும் சத்தம் கேட்டது. தர்ஷன் தோட்டத்தில் சுண்ணாம்புப் பொடியால் அறைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தன்னை மற்றவர்களைப் போல நினைத்துவிட்டதே இந்த எந்திரம் என்று அவளுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. அதனால் முன்பிருந்தவர்கள் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"மழைக்கு முன்னாடி மூடி முடிச்சுடுவியா?"