வெட்டுப்பட்ட வார்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. மழைக்காலம் என்று நான் நினைக்கிறேன். நல்ல வெயில் என்கிறான் தம்பி. வார் வெட்டுப்பட்டதை மட்டும் இருவருமே மறக்கவில்லை.

அந்த வருடத்துக் காய்ச்சலில் அம்மா இறந்துபோனாள். அப்பா பிழைத்தார். ஆனால் அவருடைய இடக்கையில் பலம் போய்விட்டது. விரல்கள் அசையும், இறுக்கிப் பிடிக்க வராது.

அப்பா முடி திருத்துபவர். சவரக்கத்தி தீட்டுவதற்குக் கடைச் சுவரில் ஒரு தோல்வார் தொங்கும். அதன் கீழ்முனையை இடக்கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, வலக்கையால் கத்தியைத் தேய்ப்பார். காய்ச்சலுக்குப் பிறகு கடை திறந்த அன்று, அவர் பிடியில் வார் தொய்ந்தது. கத்தி வாரின் தோலுக்குள் இறங்கியது.

அப்பா அந்த வெட்டைப் பார்த்தார். கத்தியை மடக்கினார். கடையைச் சாத்தினார். அதன் பிறகு பேசவே இல்லை.

அத்தை வந்தாள்.

"கடையும் இல்லாம ரெண்டு பிள்ளைங்களை எப்படிடா வளர்ப்பே? சின்னவனை நான் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை காலையில வண்டி."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவும் வருவாளா?" என்றான் தம்பி.

"அவ உங்கப்பாவுக்குச் சமைக்க வேணாமா?"

"அவ சமைச்சா அப்பா இன்னும் இளைச்சிடுவாரு."

யாரும் சிரிக்கவில்லை.

நான் வாரைச் சுருட்டிக்கொண்டு, தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் போனேன். அவர் வெட்டை விரலால் விரித்துப் பார்த்தார்.

"ஒட்டித் தரேன். ஆனா தொய்ஞ்சா மறுபடியும் கத்தி இங்கதான் மாட்டும்."

அவர் முன்னால் ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் ஒரு தோல்துண்டை ஆணியடித்து விரித்திருந்தார். நான் அதை அழுத்திப் பார்த்தேன். அது அசையவில்லை.

"மாமா, இதையும் பலகையில ஒட்டிட்டா தொய்யாதில்ல?"

அவர் தாடையைச் சொறிந்தார். "தொய்யாது. ஆனா வெட்டுக்குக் கீழே இருக்கறதை அறுத்துப் போடணும். அப்பாகிட்ட கேட்டியா?"

"அப்பா பேச மாட்டேங்கறாரு."

"அறுத்துட்டா பழையபடி ஆகாது, பாப்பா. திட்டுவாரு."

"திட்டட்டும் மாமா. திட்டினா பேசின மாதிரிதானே?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தம்பி செருப்பு மாட்டி, பையோடு வாசலில் நின்றான். நான் வார் ஒட்டிய பலகையை அப்பாவின் முன் மேசையில் வைத்தேன்.

"அறுத்துட்டியா?" என்றார் அப்பா.

"ஆமா."

அவர் உள்ளங்கையால் தோலைத் தடவினார்.

"ஓரத்துல பசை பிதுங்கியிருக்கு. கத்தி கூர் போயிடும்."

"சுரண்டிடறேன்பா."

சுரண்டினேன். அப்பா கத்தியை விரித்தார். வலக்கை கத்தியைத் தோலில் இழுத்தது, புரட்டியது, மறுபடி இழுத்தது. இடக்கை பலகையின்மேல் சும்மா கிடந்தது. கத்தியை முன்கையில் மெல்ல ஓட்டினார். மயிர் உதிர்ந்தது.

"வண்டிக்கு நேரமாச்சு" என்றாள் அத்தை.

"நீ கிளம்புக்கா. அவன் இங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

அத்தை தனியாகத்தான் போனாள். வருடம் ஒருமுறை வந்து எங்கள் எல்லோரையும் திட்டிவிட்டுப் போவாள். செருப்பு தைத்தவர் அடுத்து வந்த காய்ச்சலில் இறந்துவிட்டார். அப்பாவின் இடக்கை கடைசிவரை குணமாகவில்லை; ஆனால் கடை நடந்தது. தம்பியும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தோம்.