இரண்டு தட்டு

தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. நேற்று கப்பலே வரவில்லை. ஒரு மூட்டைகூடத் தூக்கவில்லை. ஆனாலும் தவசிக்கனி கண்விழித்தபோது இரவெல்லாம் யாரையோ போட்டுப் புரட்டியதுபோல் கை கனத்தது.

தலைவளையத்தைக் கழற்றினான். துயிற்படையில் பதிந்து நாலு மாதம். ஆள் பாயில் தூங்குவான். அவன் நரம்பு எல்லைப் போரில் ஓர் இரும்பு இயந்திர ஆளை நடத்தும். விடிந்தால் எதுவும் நினைவிருக்காது. போரில் இனி நம் பிள்ளை ஒன்றும் சாகாது என்றது அரசு.

கிடங்கில் கொம்பையா காத்திருந்தான். இவனோடு ஜோடி சேர்ந்து சுமை தூக்குபவன். இன்னும் பதியவில்லை. பதிய இன்றே கடைசி நாள். பதியாதவனுக்கு நாளை முதல் துறைமுக வாசல் திறக்காது.

"அங்கன போயி என்னதாம்ல செய்த?"

"எனக்கெப்படித் தெரியும்? தூங்குதேன்லா."

"தூங்கிட்டு வந்து மீசைய வேற முறுக்குத. போன வாரம் தோளத் தட்டுனதுக்கே துள்ளிக் குதிச்ச வீரன்."

தவசி சிரித்தான். "பதிஞ்சிருல. நீ இல்லாம எவன்கூட நான் மூட்டை தூக்க?"

"என் கை என்ன செய்யும்னு தெரியாமலே குடுக்கச் சொல்லுத." கொம்பையா தலைத்துண்டை உதறினான். "சரி, வீட்ல உலை வைக்கணும்லா. இந்த லாரிய ஏத்திட்டுப் பதியப் போறேன்."

தவசி குனிந்தான். கன்வேயர் இரைச்சலில் பேச்சு எடுபடாது. பின்னால் நிற்பவன் முதுகில் மூட்டையை ஏற்றி, தோளில் இரண்டு தட்டுத் தட்டுவான். ஏறிவிட்டது, நட என்று அர்த்தம்.

கொம்பையா தட்டினான்.

தவசி திரும்பி அவன் கையைப் பிடித்தது தவசிக்கே தெரியாது. காய்ந்த பனைமட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். கொம்பையாவின் அலறலில்தான் அவனுக்கு நினைவு வந்தது. அப்போதும் அவன் கால்கள் அடுத்த அடிக்கு ஊன்றி நின்றன.

கொம்பையாவின் வலது தோள்மூட்டு நொறுங்கிவிட்டது, இனிச் சுமை தூக்க முடியாது என்றார் ஆஸ்பத்திரியில் மருத்துவர். பதிவு அதிகாரி வந்து பார்த்து, 'தகுதியில்லை' என்று எழுதிக்கொண்டார்.

"அங்க செய்யிறது இங்க வராதுன்னீங்களே சார்?" தவசி அவரை மறித்துக் கேட்டான்.

"உடம்பு கத்துக்கிறதாலதான் தம்பி நம்ம படை ஜெயிக்குது."

அவர் போனதும் கொம்பையா கண்ணைத் திறந்தான். "விடுல. நீயா செஞ்ச?"

"வேற யாரு செஞ்சா?"

கொம்பையா கட்டுப்போட்ட தன் தோளைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அங்க யாருடே உன் பின்னால நின்னு தோளத் தட்டுதாங்க?"

தவசி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவும் வளையத்தை மாட்டிப் படுத்தான். ஒப்பந்தப்படி அரசுக்கு இன்னும் மூன்று வருஷத் தூக்கம் பாக்கி. கொம்பையாவுக்கு ஒரு வலது கை.