நிலக்கரி அறைப் பையன்

1967 ஜனவரியில் சேதுராமன் குடும்பம் டோர்ட்மண்டில் ஒரு பழைய வீட்டின் மாடிக்குக் குடிவந்தது. அவர் உலோக ஆராய்ச்சியாளர். பிற்பகலிலேயே இருட்டிவிடும் மாதம் அது. படிக்கட்டெல்லாம் ஈரக் கரியின் வாடை.

முதல் நாளே சுவரோரக் குழாய் தட்டத் தொடங்கியது. எட்டு வயது கண்மணி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே கண்ணு. கீழ பாய்லர்லேர்ந்து ஆவி மேல வருது. குழாய்ல எங்கயாவது தண்ணி தேங்கியிருந்தா, ஆவி அதைத் தள்ளிட்டுப் போய் வளைவுல மோதும். அந்தச் சத்தம்தான். சிம்பிள் பிசிக்ஸ்!" என்றார் சேதுராமன்.

"உங்க பிசிக்ஸை மெதுவாத் தட்டச் சொல்லுங்க," என்றாள் அவர் மனைவி கனகவல்லி.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் கதவருகே ஒரு பையன் நின்றான். முகமெல்லாம் கரித்தூள். ஜெர்மனில் "ரொட்டி" என்று மட்டும் கேட்டான். கரி இறக்குபவரின் மகனாக இருக்கும் என்று எண்ணி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள் கனகவல்லி. சாப்பிட்ட பிள்ளையை வெறுமனே 'போ' என்று அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் யாரையும் அப்படி அனுப்புவதில்லையே. தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "போய், திரும்பி வா" என்றாள்.

அவன் வந்தான்.

தினமும் வந்தான்.

படியிறங்கும்போது அவன் காலடி கேட்பதில்லை.

ஒருநாள் பாய்லர் பழுதாகி அணைந்துவிட்டது. குழாய்கள் சில்லிட்டிருந்தன.

அப்போதும் தட்டின.

அன்று மாலை, கீழே குடியிருந்த வீட்டுக்காரி ஃப்ராவ் ஹெல்விக் கண்மணியின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்தாள்.

"உங்கள் மகள் நிலக்கரி அறைப் படியில் உட்கார்ந்து இருட்டோடு பேசுகிறாள். எமில் என்கிறாள்!"

"எங்ககிட்ட ரொட்டி கேட்டு வர்ற பையன்தான்," என்றாள் கனகவல்லி.

வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எமில் என் அண்ணன். 1920இல் இந்தத் தெருவில் தொழிலாளர் படைக்கும் அரசுப் படைக்கும் சண்டை. இரண்டு பக்கமும் எங்கள் நாட்டவர்களே. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் சிவப்புத் துணி கட்டி, கீழே நிலக்கரி அறையில் தோட்டாப் பெட்டிக்குக் காவல் வைத்தார்கள். அங்கேயே சுடப்பட்டான். செத்த பிறகும் கதவைத் தட்டுவான். 'போய்விடு' என்று அம்மா அழுது அழுது சொன்ன பிறகுதான் அடங்கினான். நீ என்ன சொன்னாய்?"

கனகவல்லி கண்மணியை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். தனியாகக் கீழே இறங்கி இருட்டைப் பார்த்து நின்றாள். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"போ எமில். இனி வராதே."

யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள்.

கரி வாடை கரைந்தது.

நிம்மதியாக மேலே ஏறிக் கதவைத் திறந்தாள். கண்மணி விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரமான, பழைய சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"எமில் போயிட்டான்மா. காவல்ல இருக்கறவங்க அடுத்த ஆள் வராம நகரக் கூடாதாம். அதான் ரூலாம்."

துணியை வெட்டி எரித்தார்கள். அந்த வாரமே மியூனிக்குக்கு மாறினார்கள்.

அங்கும், இருட்டத் தொடங்கியதும் கண்மணி வாசலில் போய் விறைப்பாக நிற்கிறாள்.

தெருவில் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, வயது என்ன என்று கேட்கிறாள்.