பார்க்க மட்டும்

ரவுட்டர் பெட்டியருகே நின்று நேரடியாக உள்ளே நுழைவதற்கான கன்சோல் துளையில் கேபிளே செருகியிருக்கவில்லை. ஆனால் அதன் வழியாக யாரோ ரவுட்டருக்குள் இருப்பதாகத் திரை சொன்னது.

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலில்லாத நெட்வொர்க் அறையில், விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் நடுவே, வார்டில் எல்லோரும் கேபிள் அக்கா என்று கூப்பிடும் அவள் மடிக்கணினியை முழங்கையில் தாங்கியபடி நின்றாள். உள்ளே இருந்தது ‘பார்வையாளர்’ கணக்கு. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கென்று உண்டாக்கியது. எதையும் மாற்ற முடியாது, பார்க்க மட்டும். பார்க்கத்தானே என்று அதன் கடவுச்சொல்லை அலமாரிக் கதவிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள்.

அவள் அதை வெளியேற்றினாள். உடனே திரும்பி வந்தது.

மேலாளருக்குப் போன் போட்டாள். “சார், அந்த ஓட்டைதான். சின்ன அனுமதியோட உள்ள வர்றவன் முழு ஓனராயிடலாம்னு கம்பெனிக்காரங்க எச்சரிச்சாங்களே. இப்ப யாரோ உள்ள இருக்கான். ரவுட்டரை நிறுத்தணும்.”

“பெட்டி முன்னாடி நிக்கறவனாலதானேம்மா அது முடியும்? அங்க உன்னைத் தவிர யாரு இருக்கா? ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம், வை.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

திரையில் ‘பார்வையாளர்’ என்ற பெயருக்கு எதிரே அனுமதி மாறியது: உரிமையாளர். அவளுடைய பெயருக்கு எதிரே: பார்க்க மட்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்து பம்புகளெல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. நாலாவது படுக்கையில் அவள் தம்பி. நேற்றுத்தான் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள்.

நர்ஸை அழைத்தாள். “தங்கச்சி, பம்பு எல்லாத்தையும் கையால ஓட்டற மாதிரி மாத்திடு. நான் கீழ பிளக்கைப் பிடுங்கப் போறேன்.”

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. “மாத்திட்டேன்க்கா. உங்க தம்பி சிரிக்கறாரு. அக்கா கை வெச்சா எதுவும் உருப்படாதாம்.”

“வாயை மூடிட்டுப் படுக்கச் சொல்லு அவனை.”

பிடரியில் ஈரமான குளிர். விசிறி இரைச்சலுக்குள் இன்னொரு மூச்சு, அவளுடையதோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. பிளக்கைப் பற்றினாள்.

“இது என் ரூம். என் பெட்டி. போடா வெளிய!” பிளக்கைப் பிடுங்கினாள்.

பெட்டியின் விளக்குகள் அணைந்தன. விசிறிகள் நின்றன. அந்த மூச்சும்.

“எல்லாம் நல்லா ஓடுதுக்கா,” என்றாள் நர்ஸ் போனில். “ஆமா, யாரை அனுப்பினீங்க?”

“நான் யாரையும் அனுப்பலையே.”

“தம்பி கட்டில் பக்கத்துல ஒருத்தர் நிக்கறாரு. ஒண்ணும் செய்யல. சும்மா பார்த்துட்டே...”

பேச்சு நின்றது. இணைப்பு அறுபடவில்லை.

ஓடினாள். படிகள். மாடி. கண்ணாடிக் கதவு. பூட்டு.

உள்ளே நர்ஸ் சுவரோரம் மரமாக நின்றாள், போன் காதிலேயே. கண்மணிகள் மட்டும் கதவை நோக்கித் திரும்பின. கட்டிலருகே முதுகைக் காட்டி நின்றவன் பம்பின் மேல் விரலை வைத்தான்.

சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைப் பறித்தாள். “டேய்! அவனைத் தொட்டே, தொலைச்சுடுவேன்!” ஓங்கி அடித்தாள். விரிசல். மறுபடி ஓங்கினாள்.

கை தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி. இமைகூட மூடவில்லை; பார்க்க மட்டும் முடிந்தது.

விரிசலுக்கு அந்தப் பக்கம், தம்பியின் கண்கள் அவளையே பிடித்துக்கொண்டிருக்க, பம்பில் மருந்து அளவின் எண் ஏறத் தொடங்கியது.